1971 போரைப் படிக்க எந்தக் கோட்பாடு?

முதுகலை ஆய்வேட்டுக்கு, கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகப் பிரிந்த 1971 விடுதலைப் போரை எடுத்துக்கொண்டேன் என்றதும் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோட்பாட்டை வைத்து?" என்பதுதான். யோசிக்காமல் யதார்த்தவாதம் என்றேன். சர்வதேச உறவுகள் படிக்க வருகிற எவரும் முதலில் கற்பது அதைத்தான். இரண்டு அத்தியாயங்கள் எழுதி முடித்த பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்ணியக் கோட்பாட்டுக்கு மாறினேன். ஆறு மாத உழைப்பு போகிறதே என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். இதே இடத்தில் இப்போது தடுமாறிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்காக, ஏன் மாறினேன் என்பதை எழுதுகிறேன்.

யதார்த்தவாதத்தின் பலத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அரசுகளுக்கு மேல் காவல் நிலையம் கிடையாது. ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். எனவே யாரிடம் எவ்வளவு பலம் என்பதே கணக்கு. இந்தக் கணக்கோடு 1971-ஐத் திறந்தால் பல முடிச்சுகள் சட்டென்று அவிழ்கின்றன. அமெரிக்காவுக்குச் சீனா தேவைப்பட்டது. சீனாவுக்குப் போகும் வாசலில் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் நின்றார். அதனால்தான் டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் சக அதிகாரிகளும், பாகிஸ்தான் ராணுவத்தின் கொலைகளைக் கண்டும் அமெரிக்கா வாய்மூடி இருப்பதைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று அனுப்பிய தந்தி வெள்ளை மாளிகையை அசைக்கவில்லை. ஜூலையில் அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக பெய்ஜிங் போய்வந்தார். ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியா ஏப்ரலில் இறங்காமல் மழைக்காலம் முடிந்து இமயக் கணவாய்களைப் பனி மூடும் வரை காத்திருந்ததற்கும், பாகிஸ்தான் விமானங்களுக்குக் கொழும்பில் எரிபொருள் நிரப்ப இலங்கை இடம் கொடுத்ததற்கும் இதே கணக்குப் போதும். போர் ஏன் அந்த மாதத்தில் மூண்டது, யார் யார் பக்கம் நின்றார்கள் என்பது மட்டுமே உங்கள் ஆய்வுக் கேள்வியா? தயங்காமல் யதார்த்தவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கூர்மையான கருவி இந்தத் துறையில் இல்லை.

தாராளவாதத்தில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. மக்களாட்சிகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்ற அதன் புகழ்பெற்ற வாதம் இங்கே இடிக்கவில்லை. இந்தியாவில் மக்களாட்சி, பாகிஸ்தானில் ராணுவ ஆட்சி. ஆனால் 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160-ஐ வென்ற வங்காளிகளின் கட்சியான அவாமி லீகுக்கு ஆட்சியைத் தர மறுத்த யாஹியா கானின் பக்கம் நின்றது அமெரிக்கா என்ற மக்களாட்சிதானே. ஐ.நா. பொதுச்சபையோ டிசம்பர் 7 அன்று, போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறும்படி 104-க்கு 11 என்ற கணக்கில் வாக்களித்தது. அதற்கு முந்தைய எட்டு மாதக் கொலைகளுக்கு அந்தச் சபை அப்படித் திரளவில்லை. அடையாளங்களும் நெறிமுறைகளும் அரசுகளை எப்படி உருவாக்குகின்றன என்று பார்க்கும் கட்டுமானவாதத்துக்கு, வங்காள மொழிக்காக நடந்த 1952 போராட்டம் நல்ல தொடக்கப்புள்ளி. அதில் என் வாசிப்பு ஆழமில்லை என்பதால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன்.

என்னை முதலில் அசைத்தது இனம் பற்றிய வாசிப்பு. 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் பஞ்சாபியரையும் பதான்களையும் 'போர்க்குடிகள்' என்று வகைப்படுத்திப் படையில் சேர்த்தார்கள். வங்காளியின் உடல் பெண்மை என்று சொல்லுமளவுக்கு வலுவற்றது என்று அதற்கு முன்பே எழுதிவிட்டார் மெக்காலே. ஆங்கிலேயர் போனார்கள், அந்த வகைப்பாடு பாகிஸ்தான் ராணுவத்தின் ஆளெடுப்பில் தங்கிவிட்டது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இருந்த வங்காளிகள் படையில் மிகச் சிறுபான்மை. 1967-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதிபர் அயூப் கான், நெடுங்காலம் அடக்கி ஆளப்பட்ட இனங்களுக்குரிய மனத்தடைகள் வங்காளிகளிடம் இருப்பதாகவே எழுதியிருக்கிறார். சொந்த நாட்டு மக்களில் பெரும்பான்மையைப் பற்றி நாட்டை ஆண்டவர் எழுதியது இது. ஒடுக்குமுறை தொடங்கிய 1971 மார்ச் 25 இரவு டாக்கா பல்கலைக்கழக விடுதிகளுக்குள் ராணுவம் நுழைந்ததைப் படிக்கும்போது இந்த வரலாறு கூடவே வர வேண்டும். அரசு என்பதை ஒரே ஆளாகப் பாவிக்கும் யதார்த்தவாதத்தில் இதற்கு இடமே இல்லை.

மெக்காலேயின் அந்த வரியைத் திரும்பவும் பாருங்கள். ஓர் இனத்தைத் தாழ்த்த அவர் எடுத்த சொல் பெண்மை. இனமும் பாலினமும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கின்றன. வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களும் அதையே காட்டுகின்றன. இந்திரா காந்தியைப் பற்றியும் இந்தியப் பெண்களின் தோற்றத்தைப் பற்றியும் நிக்சன் பேசியவை இப்போது பொதுவெளியில் இருக்கின்றன. இங்கே எழுதக் கை கூசுகிறது. நிதானமாகக் காய் நகர்த்துவதாகப் பாடநூல் சொல்லும் அறைக்குள் பேசப்பட்டவை அவை. கொள்கையை அந்த வெறுப்புத்தான் தீர்மானித்தது என்று சொல்லமாட்டேன், சீனக் கணக்கு பெரியது. ஆனால் இந்தியாவுக்குள் வந்து குவிந்த அகதிகளைப் பற்றி ஒரு பெண் பிரதமர் சொன்னது அந்த அறையில் எந்தக் காதில் விழுந்தது என்பதை அது சொல்கிறது.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போர் எந்தத் தேதியில் முடிகிறது?

என் மேசையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று எல்லோரும் அறிந்தது. டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம். மேசையில் குனிந்து பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார், பக்கத்தில் இந்தியத் தளபதி ஜெனரல் அரோரா, பின்னால் நெருக்கியடித்து நிற்கும் சீருடைகள். மற்றது அதே ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் படம். முன்னால் இழுத்துவிட்ட கூந்தலாலும் இறுக்கிய இரு கைகளாலும் முகத்தை முழுவதும் மறைத்திருக்கிறார். முதல் படத்தோடு என் இரண்டு அத்தியாயங்களும் முடிந்துவிட்டன. இரண்டாவது படத்துக்கு அவற்றில் ஒரு பத்தி கூட இல்லை.

அந்தப் பெண்ணின் போர் டிசம்பர் 16 அன்று முடியவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 2 லட்சம் என்கிறது வங்கதேச அரசு. 4 லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு, அவ்வளவு இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. புதிய அரசு அவர்களுக்கு 'பீராங்கனை', அதாவது வீராங்கனை, என்று பெயர் சூட்டியது. மரியாதையாகத் தரப்பட்ட அந்தப் பெயரே பல ஊர்களில் வசையாக மாறியது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்த சட்டம் 1972-இல் இவர்களுக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. கைவிடப்பட்ட குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கத் தனி ஆணை வந்தது. அந்த ஜூலையில் 15 குழந்தைகள் கனடா போய்ச் சேர்ந்தார்கள். யார் பிறக்கலாம், யார் குடிமகன், எந்தப் பெண் வீடு திரும்பலாம் என்பதையெல்லாம் ஓர் அரசு தீர்மானித்துக்கொண்டிருந்தது. இது அதிகாரம் இல்லையென்றால் வேறு எது அதிகாரம்?

இதற்கும் பன்னாட்டு அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். 1974-ஐக் காட்டினேன். போர் முடிந்தபோது சரணடைந்த பாகிஸ்தான் தரப்பினர் சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடியில் இருந்தார்கள். அவர்களில் 195 பேரைப் போர்க்குற்றத்துக்காக விசாரிப்போம் என்றது வங்கதேசம். அதன் ஐ.நா. உறுப்பினர் விண்ணப்பத்தை 1972 ஆகஸ்டில் சீனா வீட்டோ செய்தது. பாகிஸ்தானில் சிக்கியிருந்த வங்காளிகள் திரும்ப வேண்டும், அங்கீகாரமும் வேண்டும். 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்தது; ஏப்ரலில் டெல்லியில் முத்தரப்பு ஒப்பந்தம், 195 பேரும் விசாரணையின்றி ஊர் திரும்பினார்கள்; செப்டம்பரில் ஐ.நா. உறுப்பினர் இடம் கிடைத்தது. இந்தப் பேரம் ஏன் நடந்தது என்பதை யதார்த்தவாதம் சொல்லிவிடும். பேரத்தில் கைமாறியது யாருக்குச் சேர வேண்டிய நீதி என்று கேட்கப் பெண்ணியம்தான் வர வேண்டியிருந்தது. பீராங்கனைகளுக்கு விடுதலைப் போராளி என்ற தகுதியை அரசு வழங்கத் தொடங்கியது 2015-இல். டிசம்பர் 16-இல் நூலை மூடிவைக்கும் கோட்பாட்டுக்கு இந்த 44 ஆண்டுகள் கண்ணில் படவே படாது.

பெண்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே இந்தக் கோட்பாடு பார்க்கிறது என்ற குறை அடிக்கடி எழும். ஆயுதம் ஏந்திப் போரிட்ட தாராமோன் பீபிக்கு 1973-இல் பீர் பிரதீக் என்ற வீர விருது அறிவிக்கப்பட்டது. பதக்கம் அவர் கைக்கு வந்தது 1995-இல். இந்தத் தாமதத்தை விளக்கவும் இதே கோட்பாடுதான் உதவுகிறது. பாகிஸ்தான் பக்கம் நின்றவர்களாகக் கருதப்பட்ட, உருது பேசும் பிகாரிச் சமூகப் பெண்கள் மீது நடந்த வன்முறையையும் அது கணக்கில் கொண்டுவருகிறது. வெற்றி பெற்றவர்களின் வரலாறு அதை எளிதில் தாண்டிவிடும். போரை நடத்தியவர் ஒரு பெண் பிரதமர் ஆயிற்றே என்பார்கள். பெண்கள் இயல்பாகவே சமாதானப் பிரியர்கள் என்று இந்தத் துறையின் தீவிரமான எழுத்தாளர்கள் யாரும் சொல்லவில்லை.

குறைகள் இருக்கின்றன. சோவியத் ஒப்பந்தத்தையோ அமெரிக்க ஏழாம் கடற்படைப் பிரிவின் வங்கக்கடல் வருகையையோ பெண்ணியத்தை மட்டும் வைத்து விளக்க முயன்றேன், சரிப்படவில்லை. அந்தப் பகுதிக்குக் கைவிட்ட அத்தியாயங்களிலிருந்து 12 பக்கங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இன்னொன்று, எனக்கு வங்காளம் தெரியாது. பெண்களின் வாக்குமூலங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். மௌனம் எங்கே விழுந்தது, எந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பதே முக்கியமான ஓர் ஆய்வில் அது சிறிய குறை அல்ல. இதை எடுக்கப்போகிறவர்கள் முதல் ஆண்டிலேயே வங்காளம் கற்கத் தொடங்குங்கள்.

இனம் பற்றிய பகுதிக்கு நான் ஒன்பது பக்கங்கள்தான் கொடுத்தேன். இன்று எழுதினால் அதைத் தனி அத்தியாயமாக்கி, பாலினத்துக்கு முன்னால் வைத்து, அயூப் கானின் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.