நீல், ஹேவ்லாக், நெடுந்தீவு: வடசென்னையிலிருந்து சும்மா இருக்கப் போவதற்கு எது தோது?

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் என் மாமாவிடம், ஒரு தீவுக்குப் போய் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு வரப்போகிறேன் என்று சொன்னேன். "கடலப் பாக்கறதுக்குக் கடல் தாண்டிப் போவணுமாடா? நம்மாண்ட இல்லாத கடலா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்களுக்கு வாய்த்திருப்பது பெரும்பாலும் கருங்கல் தடுப்புக்கு அப்பால் இருக்கும் கடல். கால் நனைக்க மணல் கிடைப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். கல்லுக்கு இந்தப் பக்கம், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் இரவெல்லாம் ஓய்வதில்லை. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியும் ஒரு வகையில் தீவுதான் என்றாலும், அங்கே காத்திருப்பது இன்னொரு துறைமுகம்.

அழகான கடற்கரை எந்தத் தீவிலும் இருக்கும் என்பதால் அதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. முதுகில் ஒரே பையுடன் போய், எளிய அறை ஒன்றைப் பிடித்து, தோன்றிய நேரத்தில் எழுந்து, நடந்தோ மிதிவண்டியிலோ தண்ணீருக்குப் போய், காசு கரைவதை எண்ணிக்கொண்டே இராமல் ஐந்தாறு நாள் இருக்க முடிகிறதா என்பதே என் கேள்வி. அந்தக் கேள்வியோடு அந்தமானின் ஹேவ்லாக், நீல் இரண்டையும், இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவையும், லட்சத்தீவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் மூன்றில் தங்கியிருக்கிறேன். நான்காவது எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை என்பதே அதைப் பற்றிய பாதி விமர்சனம்.

லட்சத்தீவை முதலிலேயே முடித்துவிடலாம். மொத்தம் 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை 10. நிலப்பரப்பு எல்லாம் சேர்ந்தும் 32 சதுர கிலோமீட்டர்தான். பவளத் திட்டுகள் வளைத்துக் காக்கும் அந்த ஆழமற்ற நீருக்கு மற்ற மூன்றிலும் ஈடில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள், படங்களைப் பார்த்தால் நம்பவும் தோன்றுகிறது. ஆனால் தீவைச் சேராத இந்தியர் அங்கே கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும்; அதற்குத் தீவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லையேல் ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுலாவில் சேர வேண்டும். கொச்சி வரை ரயிலில் போய், அங்கிருந்து தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் கப்பலில் போக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது ஒரு தடையே இல்லை. எந்தத் தேதியில் வருவாய், எங்கே தங்குவாய், எப்போது கிளம்புவாய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டிய இடம், திட்டமில்லாமல் கிளம்புகிறவனுக்குத் தோதுப்படாது.

அந்தமானுக்கு இந்தியர்கள் இந்த இரு தீவுகளைப் பொறுத்தவரை அப்படி எந்த அனுமதியும் வாங்க வேண்டியதில்லை. தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஜெட்டியில் டிக்கெட் வாங்க நிற்பவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். விம்கோ நகர் மெட்ரோ வந்த பிறகு, வடசென்னைக்காரர் வண்டி மாறாமலே மீனம்பாக்கம் வரை போய்விடலாம். கப்பல் என்றால் ஏறத்தாழ மூன்று நாள். ஆனால் ராயபுரத்தில் குடியிருப்பவனுக்குக் கப்பல் ஏறும் இடம் ஆட்டோ தூரம் என்பதும், ராஜாஜி சாலை ஜவகர் கட்டடத்தில் அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் வாங்க நின்ற வரிசைகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் என்பதும் வேறு கணக்கு. முதல் முறை நான் பங்க் வகுப்பில் போனேன். வரிசை வரிசையாகப் படுக்கைகள் அடுக்கிய பெரிய கூடம் அது. கழிவறை முதல் நாள் சுமார், மூன்றாம் நாள் சொல்லத் தகாது. ஆனாலும் இரண்டாம் நாள் நண்பகலில் கைபேசி செத்துப்போய், மேல்தளத்தில் யாரோ ஒருவருடன் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, தீவில் கிடைக்கும் என்று நான் எண்ணியிருந்த ஓய்வு பாதி வழியிலேயே தொடங்கிவிட்டதை உணர்ந்தேன். பத்து நாள் விடுப்பு உள்ளவர் போகும்போது கப்பலிலும் வரும்போது விமானத்திலும் வரலாம். ஒரு வாரம் மட்டுமே உள்ளவருக்குக் கப்பலை நினைத்தும் பார்க்க வேண்டாம் என்பேன்.

போர்ட் பிளேரிலிருந்து இரு தீவுகளுக்கும் அரசுப் படகும் தனியார் படகும் ஓடுகின்றன. அரசுப் படகில் சில நூறு ரூபாயில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போகலாம். தனியார் படகில் ஆயிரத்துக்கு மேல் ஆகும், ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். குளிரூட்டிய தனியார் படகில் கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடப்பதை விட, அரசுப் படகின் மேல்தளத்தில் காய்கறிக் கூடைகளோடு நின்றுகொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதில் வெளியூர்க்காரருக்கு டிக்கெட் எளிதாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஹேவ்லாக்தான் புகழ்பெற்றது. அதன் ராதாநகர் கடற்கரையை 2004 இல் டைம் இதழ் ஆசியாவிலேயே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் புகழ் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. மேற்கு நோக்கி, காட்டு மரங்களின் நிழலோடு நீளும் அந்த மணலுக்கு அது தகும் என்பதில் ஐயமில்லை. ஆழ்கடல் மூழ்குதலுக்கு இந்தத் தீவை விட்டால் ஆளில்லை. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் கீழே போகாத அந்த அரை மணி நேரத்துக்காக ஒருவர் ஹேவ்லாக்குக்குப் போவதில் குறை காண மாட்டேன். சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டருக்கு இழுத்து 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த இணையக் கேபிள் இந்தத் தீவிலும் கரையேறுகிறது; இது நன்மையா தீமையா என்பது, விடுப்பில் இருக்கும்போதும் உங்கள் மேலதிகாரி உங்களை எத்தனை முறை அழைப்பார் என்பதைப் பொறுத்தது. குறை என்னவென்றால், தங்கும் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையிலும் ராதாநகர் மேற்கிலும் இருப்பதால், ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டிய அந்தத் தூரத்துக்குத் தினமும் ஸ்கூட்டரோ ஆட்டோவோ தேவைப்படுகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு 'ப்ரோகிராம்' ஆகிவிடுகிறது. 2010 இல் ராதாநகரை ஒட்டிய ஒதுக்குப்புறத்தில் அமெரிக்கப் பயணி ஒருவரை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நீல் பரப்பளவில் ஹேவ்லாக்கின் ஒரு சிறு பங்குதான் இருக்கும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களைக் குடியேற்றிய தீவு என்பதால் இடங்களின் பெயர்கள் இராமாயணத்திலிருந்து வருகின்றன: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். ஜெட்டியிலிருந்து சீதாபூர் வரை ஐந்து கிலோமீட்டர். மிதிவண்டியில் போனால் வழியில் கத்தரித் தோட்டமும் வாழையும் வரும், ஏனென்றால் அந்தமானுக்குக் காய்கறி விளைவிக்கும் தீவு இதுதான். சென்னைக்காரனுக்கு இங்கே தனியாக ஒரு லாபம் உண்டு. நம் கடலில் சூரியன் எழுவதை மட்டும்தான் பார்க்க முடியும், அது கடலுக்குள் இறங்குவதை மெரினாவிலும் பார்க்க முடியாது, காசிமேட்டிலும் பார்க்க முடியாது. நீலில் காலையில் சீதாபூரில் கடலிலிருந்து எழுந்த அதே சூரியனை, மாலையில் மிதிவண்டியை மிதித்துப் போய் லட்சுமண்பூரில் கடலுக்குள் வழியனுப்பலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கிழக்கே அவ்வளவு தொலைவு தள்ளியிருந்தும் கடிகாரம் நம்முடையதே என்பதால், குளிர்காலத்தில் ஐந்து மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும்.

இந்தத் தீவில் பார்க்க வேண்டிய ஒரே நேர அட்டவணை ஓதத்தினுடையது. சென்னைக் கரையில் ஒரு மீட்டரை ஒட்டி ஏறி இறங்கும் ஓதம், அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டரைத் தொடுகிறது. பரத்பூரில் ஒரு நாள் காலை ஆறரைக்குப் போனபோது, முந்தின நாள் நான் மிதந்த இடத்தில் கண்ணாடித் தளப் படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. பாறைகளுக்கு நடுவே தேங்கிய முழங்கால் நீரில், முழங்கையளவு கறுத்த கடல் அட்டை ஒன்று, வாயருகே மணலை அள்ளியள்ளித் தின்றபடி, பத்து நிமிடத்தில் ஒரு சாண் நகர்ந்தது. நம் பக்கத்தில் கடல் அட்டை என்றாலே கடத்தல் செய்திதான் நினைவுக்கு வரும்; உயிரோடு ஒன்று தன் வேலையைப் பார்ப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். லட்சுமண்பூரின் இயற்கைப் பாலத்துக்கு நடந்து போக வேண்டியது நீர் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில்தான். முகமூடி போட்டு மீன் பார்க்க நீர் ஏறியிருக்க வேண்டும். கரையில் கிடக்கும் பவளத்தையும் சங்கையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். மாலையில் மணல் ஈ கடிக்கும், தேங்காய் எண்ணெய் ஓரளவு காக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹேவ்லாக், நீல் இருவருமே 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதிகள். அந்த நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927 இல் சத்தியாக்கிரகம் நடந்தது, 1937 இல் ராஜாஜி அரசு அதை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தது. தீவுகளுக்கு சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாற 2018 டிசம்பர் 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் இந்த விஷயத்தில் எண்பது ஆண்டு முந்திக்கொண்டது.

நெடுந்தீவை இந்த வரிசையில் சேர்த்தது ஏன் என்று கேட்கலாம். 'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது' என்ற வரியைத் தவிர அந்தப் பெயரை வேறு எங்கும் கேட்டிராத எனக்கு, அது எப்படித்தான் இருக்கும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. 2019 இல் தொடங்கிப் பிறகு நின்று 2022 டிசம்பரில் மீண்ட சென்னை - யாழ்ப்பாணம் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். யாழ் நகரிலிருந்து குறிகட்டுவானுக்குப் பேருந்து. அங்கிருந்து ஒரு மணி நேரம் படகு. பாஸ்போர்ட், விசா என்ற வேலை இருந்தாலும் தூரம் அந்தமானை விடக் குறைவு. சுண்ணாம்பு பூசாமல் பவளக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையின் இடிபாடு, பாவோபாப் என்னும் பருத்த பெருக்கமரம், ஐரோப்பியர் விட்டுப்போய்க் காட்டில் பெருகிய மட்டக் குதிரைகள், எங்கு பார்த்தாலும் பனை. ஆனால் தரை தட்டையானது, வெயில் கடுமையானது, கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பது. தங்குமிடங்களும் சொற்பம். பெரும்பாலோர் காலையில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். சாப்பாட்டில் மட்டும் நெடுந்தீவுதான் முதலிடம்: நீலில் கடுகெண்ணெய் வாசனையோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவனுக்கு, இடியப்பமும் சொதியும் இலையில் விழுந்தபோது கண் கலங்காத குறை.

தங்கிய வீட்டுக்காரர் முதல் இரவு, "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டார். காசிமேடு என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட ஆக்களின்ட இழுவைப் படகாலதானே எங்கட வலையெல்லாம் போகுது" என்றார். மாமாவின் படகு அந்தப் பக்கமே வருவதில்லை, அது ஆந்திராப் பக்கம் போவது என்று நான் விளக்கியிருக்கலாம். அறுந்த வலையைப் பற்றிப் பேசுகிறவரிடம் மாவட்ட எல்லையைச் சொல்லி வாதாட வாய் வரவில்லை. மறுநாள் படகுத் துறையில், 1985 மே மாதம் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஒரு முதியவர் சொன்னார். இவை நான் கேட்க வேண்டிய பேச்சுகள்தான், கேட்டதில் வருத்தமில்லை. ஆனால் சும்மா இருக்கப் போனவன் அங்கே சும்மா இருக்க முடியாது. நீலின் டீக்கடையில் வங்காளிகள் நில வழக்கைப் பேசினார்களோ மகள் கல்யாணத்தைப் பேசினார்களோ, என் காதுக்கு அது அலையோசையோடு சேர்ந்த இன்னோர் ஓசை. நெடுந்தீவில் ஒரு சொல் விடாமல் எல்லாம் உள்ளே இறங்கியது. மொழி தெரிந்த ஊரில் விருந்தாளியாக இருக்கலாம், பயணியாக இருப்பது கடினம்.

செலவில் நீலும் நெடுந்தீவும் ஏறத்தாழச் சமம், ஹேவ்லாக் கூடுதல். நீலுக்குப் போகிறவர் ரொக்கம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் பயணத்தில், கடல் கொந்தளிப்பு என்று தனியார் படகை அன்று காலையில் ரத்து செய்தார்கள். டிக்கெட் பணம் திரும்ப வர ஐந்து வாரம் ஆனது, தவறிய விமானத்தின் பணம் வரவே இல்லை. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் கழிக்கத்தான் வேண்டும். தமிழர்கள் நிறைந்த ஊர் என்பதால் அந்த இரவு வீண் போகாது. வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், வடபழனியில் நின்ற நினைப்பு வந்துவிடும்.

மூழ்குவதற்கு ஹேவ்லாக்கில் இரண்டு நாள், மிச்சம் எல்லாம் நீலில் என்பதே என் கணக்கு. நெடுந்தீவுக்கு வேறொரு மனநிலையில், யாழ்ப்பாணத்தோடு சேர்த்து, தனியாகப் போக வேண்டும். காலம் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. மே நடுவில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டு, மீன்பிடித் தடைக்காலத்தில் போக முடியாதா என்று கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் நிற்கும், அவருக்கும் வேலை இருக்காது. ஏப்ரல் கடைசி வாரம் என்று பேசி முடித்திருக்கிறோம். கப்பலில் வர மாட்டாராம். வருஷம் முழுக்கக் கடலில் இருப்பவனுக்கு அது விடுப்பு ஆகாதாம்.