‘பிவிசி இல்லாதது’ என்ற வாய்வார்த்தையை நம்பி 8,400 ரூபாயையும் அப்பாவின் செப்புக் காசுகளையும் இழந்தேன்

காசுகளைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட நாணய ஆல்பம் வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். நேற்று முன்தினம் மாலை என் ஆல்பங்களைத் திறந்து பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஆல்பம் ஒன்று 1,400 ரூபாய் வீதம் ஆறு ஆல்பங்களுக்கு 8,400 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணத்துக்கு நான் வாங்கியது, நாற்பது ஆண்டுகள் பழுதில்லாமல் இருந்த காசுகளைப் பதினான்கே மாதங்களில் அரித்துத் தின்ற பிளாஸ்டிக் என்பது இப்போதுதான் புரிகிறது.

தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, கல்லாவுக்கு வரும் காசுகளில் பழையதாகவோ புதுமாதிரியாகவோ எது கண்ணில் பட்டாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். 1835ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா, 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாக்கள், 1957இல் தசம முறை வந்தபோது வெளியான வெண்கல நயாபைசாக்கள், அவருடைய தாத்தாவிடமிருந்து வந்த நான்கு ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய்கள் என எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சிறு முடிச்சுகளாகக் கட்டி ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தார். கடற்கரை ஊரின் உப்புக் காற்றிலும் அந்தக் காசுகள் பழுப்பேறி அழகாக இருந்தனவே தவிர, எதிலும் களிம்பு பிடித்ததில்லை. அவர் காலமான பிறகு, இப்படி முடிச்சில் கிடந்தால் பேரப்பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள், ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கலாமே என்று ஆசைப்பட்டதுதான் நான் செய்தது.

சென்ற ஆண்டு தை மாதம் ஆல்பம் தேடத் தொடங்கினேன். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன பைகள் காசுகளைக் கெடுக்கும் என்பது அரைகுறையாகத் தெரிந்திருந்ததால், சேகரிப்பாளர்களுக்கான பொருள்களை மட்டுமே விற்கும், பெருநகரம் ஒன்றில் கடையும் இணையவழி விற்பனையும் வைத்திருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுடைய பக்கத்தில் ஆல்பத்தின் படத்துக்குக் கீழே ‘பிவிசி இல்லாதது, காசுகளுக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டிருந்தார்கள். அது மட்டும் போதாது என்று தொலைபேசியிலும் அழைத்துக் கேட்டேன். எடுத்தவர் இளைஞர், பேச்சிலிருந்து தென்மாவட்டத்துக்காரர் என்று தெரிந்தது. என்னென்ன காசுகள் இருக்கின்றன என்று அக்கறையோடு விசாரித்தார். 1906 வரை காலணா செம்பு, அதன்பின் வெண்கலம் என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று ஏனோ தோன்றிவிட்டது. “அப்பா சேர்த்த காசுன்னு சொல்றீங்க அண்ணாச்சி, அதுக்குப் போயி நான் கெட்ட பொருள் தருவேனா?” என்று அவர் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் 8,400 ரூபாயை யுபிஐ மூலம் அந்த நிமிடமே அனுப்பினேன். என்ன பிளாஸ்டிக் என்று எழுத்தில் கேட்டு வாங்கவில்லை. வந்த பில்லில் ‘காயின் ஆல்பம் – 6’ என்பதைத் தவிர வேறொரு விவரமும் இல்லை என்பதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்றே புதிய மழைக்கோட்டில் வருவது போன்ற நெடி அடித்தது. பக்கங்கள் துணிபோல வளைந்தன, ஒன்றோடொன்று ஒட்டின. மனத்தில் ஏதோ உறுத்த, அழைத்துக் கேட்டேன். “புது பிளாஸ்டிக் வாசனைதான் அண்ணாச்சி, போகப் போகச் சரியாயிடும்” என்றார். நானும் என் மனைவியும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட காசுகளை ஆண்டுவாரியாக அந்தப் பைகளில் நுழைத்தோம். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கும்போது அப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கும். எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதியிருப்பார். அந்தத் தாள்களையும் காசோடு சேர்த்து வைத்தோம்.

நேற்று முன்தினம், ஊரிலிருந்து வந்த தங்கை மகனுக்குக் காட்டலாமென்று முதல் ஆல்பத்தைத் திறந்தேன். பைகளின் உட்புறம் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது. 1835 காலணாவை வெளியே எடுக்க முயன்றபோது அது வரவில்லை, பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. மெல்ல நெகிழ்த்தி எடுத்த பிறகு, காசு இருந்த இடத்தில் பையின் மேல் பச்சை வட்டம் ஒன்று தெரிந்தது. காசின் பின்புறத்தில் ‘ஒன் குவார்ட்டர் அணா’ என்ற எழுத்தைச் சூழ்ந்து இலைமாலை ஒன்று இருக்கும். அதன் ஒவ்வோர் இலையின் இடுக்கிலும் ஈரப் பாசிபோலப் பச்சைப் பிசின் நிறைந்திருந்தது. விரலில் பட்டதும் எண்ணெய்போல ஒட்டிக்கொண்டது. ஓட்டைக் காலணாக்களில் துளையைச் சுற்றி அதே பச்சை. 1918ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில் மன்னரின் கன்னத்தின் மேடான பகுதியில் மூன்று பச்சைப் புள்ளிகள். அந்த ரூபாயில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி என்றாலும் மிச்சத்தில் செம்பு கலந்திருக்கிறதே. அலுமினியக் காசுகளில் பிசுக்கு மட்டும்தான். அப்பாவின் துண்டுத்தாள்களில் எண்ணெய் ஊறி, சிலவற்றில் எழுத்தே கலங்கிப்போயிருந்தது. எண்ணிப் பார்த்தேன். செம்பும் வெண்கலமும் வெள்ளியுமாகச் சேர்த்து 212 காசுகள் கெட்டிருந்தன.

அன்றிரவே படங்களைத் திருநெல்வேலியில் இருக்கும் மூத்த சேகரிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். “தம்பி, இது பிவிசிதான், சந்தேகமே வேண்டாம், உடனே எல்லாத்தையும் வெளியே எடுங்க” என்று பதில் வந்தது. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையும்படி மென்மையாக்க எண்ணெய் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். வெயில் காலத்தில் அந்த எண்ணெய் கசிந்து காசின் மேல் படிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பை அரிக்கிறது. அந்த அரிப்பின் பச்சைதான் நான் விரலில் தொட்டது. மேலாக இருக்கும் பிசின் கரைந்து போகும், உலோகத்தைத் தின்ற குழி மட்டும் ஒருநாளும் நிரம்பாது என்று அவர் விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் சொன்னபடி மறுநாள் காலை ஒரு சோதனையும் செய்தேன். பழைய மின்கம்பியின் உறையை உரித்துச் செப்புக் கம்பியை எடுத்து, குறட்டால் பிடித்துக்கொண்டு, சுடரில் நிறம் எதுவும் தெரியாமல் போகும் வரை காய்ச்சி, ஆல்பத்தின் ஓரத்தில் தொட்டு மீண்டும் சுடரில் காட்டினேன். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறியது. அந்தப் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. அந்தப் புகை நச்சுத்தன்மை உள்ளது. யாராவது செய்து பார்ப்பதானால் வெட்டவெளியில், நகக்கண் அளவு துண்டை வைத்து மட்டும் செய்யுங்கள். இதையே ஆல்பம் வந்த அன்று செய்திருந்தால் 8,400 ரூபாயோடு போயிருக்கும், காசுகளாவது தப்பியிருக்கும்.

சுடரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு அழைத்தேன். முதல் இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்த அதே இளைஞர், விஷயத்தைக் கேட்டதும் என்னை ‘அண்ணாச்சி’ என்று அழைப்பதை விட்டுவிட்டு ‘சார்’ என்று பேசத் தொடங்கினார். “உங்க ஊர்ல ஈரம் அதிகம் சார், அதனால வந்திருக்கும்” என்றார். அதே ஊரில், அதே பீரோவில், நாற்பது ஆண்டுகள் வராதது இப்போது எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, “புளி போட்டுத் தேய்ச்சுப் பாருங்க சார், பளபளன்னு ஆயிடும்” என்றார். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதைப் பழங்காசுக்குச் செய்யச் சொல்கிற ஒருவர், சேகரிப்பாளர்களுக்கென்று கடை நடத்துகிறார் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. புளியில் தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. உரிமையாளரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் வெளியூரில் இருக்கிறாராம். மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: வாங்கிய ஏழு நாள்களுக்குள் சொன்னால்தான் திரும்பப் பெறுவார்களாம், ஆல்பம் தயாரிப்பது அவர்கள் இல்லையாம். நான் அனுப்பிய நீண்ட கடிதத்துக்கும், 37 படங்களுக்கும், பச்சைச் சுடரின் காணொளிக்கும் சேர்த்து அந்த ஒரே வரிதான். இன்று காலை பார்த்தால், அவர்களுடைய பக்கத்தில் ‘பிவிசி இல்லாதது’ என்ற வரி நீக்கப்பட்டிருக்கிறது. நல்லவேளையாக, அதன் படத்தை நேற்றே எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு செய்தி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1808ஆம் ஆண்டு மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பிறகு, 1980களில் மீட்கப்பட்டவற்றில் பல காசுகள் சிங்கமும் எழுத்தும் தெளிவாகத் தெரியும் நிலையில் கிடைத்தன. கடலுக்கடியில் கிடந்த செப்புக் காசுகளுக்கு வாய்த்தது, 8,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆல்பத்துக்குள் இருந்த என் அப்பாவின் காசுகளுக்கு வாய்க்கவில்லை.

நான் விடப்போவதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையவழியில் விற்பவர்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் பில்லில் பிளாஸ்டிக்கின் பெயர் இல்லாததும், தொலைபேசிப் பேச்சுக்குச் சான்று இல்லாததும் எனக்குப் பாதகமாகத்தான் இருக்கும் என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆல்பம் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், மைலார் எனப்படும் பாலியெஸ்டர் தாள் ஆகியவை காசுகளுக்கு ஏற்றவை. ‘பிவிசி இல்லாதது’ என்று சொன்னால் விடாதீர்கள். வேறு என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு, அந்தப் பெயரைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். துணிபோல வளைந்து, நெடி வீசினால் காசை உள்ளே வைக்காதீர்கள். ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். மேலே மிதந்து வந்தால் அது பிவிசி இல்லை. மூழ்கினால் பாலியெஸ்டராகவும் இருக்கலாம், பிவிசியாகவும் இருக்கலாம். அப்போது செப்புக் கம்பிச் சோதனையைச் செய்யுங்கள். மைலார் சன்னல் வைத்த அட்டை ஹோல்டரில் காசை முதலில் போட்டு, அதை மூடும் ஸ்டேப்ளர் பின்களைத் தட்டையாக அழுத்திவிட்டு, அதன்பிறகு ஆல்பத்தில் செருகுவது இன்னும் நல்லது. மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை.

ஏற்கெனவே பச்சைப் பிசின் பிடித்திருந்தால், எளிதில் தீப்பற்றும் கரைப்பானான தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துக் காற்றில் உலரவிட வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருக்கும் என்பதால் அது ஆகாது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நேற்றிலிருந்து இதுவரை 31 காசுகளை எடுத்திருக்கிறேன். 1835 காலணாவில் பிசின் போய்விட்டது. இலைமாலையின் இடப்பக்கத்தில் நான்கு இலைகள் இருந்த இடத்தில் சொரசொரப்பான குழிகள் மட்டும் இருக்கின்றன. இன்னும் 181 காசுகள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொரு நாள் தாமதமும் அரிப்பைக் கூட்டும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொண்டு கிண்ணத்தை எடுக்கப் போகிறேன்.