மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்கப்படும் வெடேலியா: வாங்கும் முன் இலையைப் பாருங்கள்

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி நர்சரிகளில் விற்கப்படும் செடிகள் எல்லாம் அந்த மூலிகை அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் ஆகிய பகுதிகளிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டு, போன இடமெல்லாம் அடங்காத களையாக மாறிவிட்ட வெடேலியா என்னும் படர்செடி, அதே பெயரில் கைமாறுகிறது. தஞ்சாவூருக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்தச் செடியாலும், பிறகு அதை அழித்துத் தருவதாக வந்த ஒருவராலும் நேர்ந்த இழப்பை, இந்தச் செடியை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காகவும் ஏற்கெனவே வாங்கி நட்டுவிட்டவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கரிசலாங்கண்ணியை வீட்டில் வளர்க்க வேண்டும் என்று நம்மவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. வடலூர் வள்ளலார் அன்றாடம் கொள்ளச் சொன்ன மூலிகைகளில் அது முதன்மையானது. மஞ்சள் காமாலை என்றாலே அதன் பெயரைச் சொல்லாத பாட்டி கிடையாது. வெள்ளைக் கரிசலாங்கண்ணி வயல் வரப்புகளில் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. மஞ்சள் வகை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. ஆகவே அதைத் தேடுபவர்கள் நர்சரிக்குத்தான் போகிறார்கள், அங்கே எது மஞ்சளாகப் பூத்திருக்கிறதோ அதைக் காட்டிவிடுவது விற்பவருக்கு மிக எளிது. எனக்கு விற்றவர் இன்னொரு சிறப்பையும் சேர்த்துச் சொன்னார். "சார், இது தரையை நல்லாப் பிடிச்சுக்கும், இது இருக்கிற இடத்துல வேற களையே தலை தூக்காது" என்றார். அவர் சொன்னதில் உண்மையான பகுதி அது ஒன்றுதான்.

கிணற்றடியில் வைத்த செடிகள் ஒரு மழைக்காலத்துக்குள் துளசிப் பாத்தியையும் பிரண்டைக் கொடியையும் மூடின. அதன் பிறகு தூதுவளை இருந்த இடம் தெரியவில்லை. தண்டு தரையோடு ஊர்ந்து செல்கையில் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதால், ஓர் இடத்தில் பிடுங்கினாலும் அடுத்த கணு தனிச் செடியாக நின்றுகொள்கிறது. வாடாமல் ஆண்டு முழுவதும் பூக்கிறது. நிழலிலும் வெயிலிலும் ஈரத்திலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. தன் அருகில் பிற செடிகள் முளைத்து வளர்வதைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் இது மண்ணில் சேர்க்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில், நமக்கு நன்கு தெரிந்த ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். நம் ஊரில் அதைக் கறுப்புப் பையில் மண்ணோடு வைத்து, கீரை என்று விற்கிறார்கள்.

அடையாளம் காண்பதில் உள்ள சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் நடப்பதே அந்த இடத்தில்தான். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உண்மையான மூலிகையின் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா, பழைய நூல்களில் வெடேலியா சைனென்சிஸ் என்றிருக்கும். களையின் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் மஞ்சள் இதழ்கள் சுற்றி நிற்கும் சிறு சாமந்தி போன்ற பூதான், நெடுங்காம்பில் தனியாக நிமிர்ந்து நிற்கும். கைப்பேசியில் எடுத்த பூப் படத்தை இணையப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எதுவும் எதுவாகவும் தோன்றும். இலைதான் சாட்சி. மூலிகையின் இலை நீண்டு குறுகியது. அகலம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடும், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பற்கள் இருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். களையின் இலை அகலமானது, தடித்தது, மேற்புறம் பளபளக்கும். நடுப்பகுதிக்கு இருபுறமும் இரண்டு மடல்கள் பிதுங்கி நிற்பதால் இலை மூன்றாகப் பிரிந்தது போலத் தெரியும். விளிம்பில் ஒழுங்கற்ற பெரிய பற்கள் இருக்கும். ஆனால் ஒரே கொடியில் மடல் இல்லாத இலைகளும் வருவதுண்டு. விற்பவர் அப்படி ஓர் இலையைக் கிள்ளிக் காட்டினால் நம்பிவிட வேண்டாம். கொடியின் நுனியிலிருந்து அடிவரை பல இலைகளைப் பாருங்கள். சாலையின் நடுத்திட்டுகளிலும் தங்கும் விடுதிகளின் முகப்புகளிலும் பாய் விரித்தாற்போல் மஞ்சள் பூக்களோடு கிடப்பது பெரும்பாலும் இந்தக் களைதான். 'சிங்கப்பூர் டெய்சி' என்ற பெயரிலும் இது விற்கப்படுகிறது. குறைந்தபட்சம் அந்தப் பெயரில் விற்பவர் அதை மூலிகை என்று சொல்வதில்லை.

என் வீட்டில் இதன் இலையைத் துவையலுக்குப் பறிக்கத் தொடங்கிய வேளையில், தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் வந்திருந்தார். இலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும், "இதை யாரும் வாயில் வைக்க வேண்டாம்" என்றார். உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகை விஷயத்தில் "ஏறக்குறைய அதேதான்" என்ற பேச்சுக்கு இடமில்லை. காமாலை நோயாளிக்கு இந்த இலையை அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், என் தோட்டம் பாழானது சிறிய விஷயமாகவே படுகிறது. ஐயம் இருப்பவர்கள் பூவும் இலையும் உள்ள கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராப்பினாட் ஹெர்பேரியமும், கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல அலுவலகமும் உலர்தாவரத் தொகுப்புகளைப் பேணும் இடங்கள்.

நர்சரிக்காரரிடம் சென்று கேட்டபோது அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க, இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லை" என்றார். பணத்துக்குப் பதிலாக இரண்டு செம்பருத்திச் செடிகள் தருவதாகச் சொன்னவர், தோட்டத்தைச் சுத்தம் செய்து தரும் தொழில் செய்பவர் ஒருவரின் எண்ணையும் கொடுத்தார். இரண்டாவது ஏமாற்றம் அந்த எண்ணிலிருந்து வந்தது. என்னைப் பொறுத்தவரை முதலாவதைவிட இதுதான் பெரிய சேதம்.

வந்தவர் "வேரோடு எடுத்துவிடுவேன், மறுபடி ஒரு இலைகூட வராது" என்று உறுதி கூறி, களை எடுக்கும் கூலி, மருந்து, அப்புறப்படுத்தும் செலவு என்று மூன்றாகப் பிரித்துப் பணம் பேசினார். அவர் கொண்டுவந்தது தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் சிறிய பவர் டில்லரும். நெருஞ்சியையோ பார்த்தீனியத்தையோ பூப்பதற்கு முன் வெட்டிச் சாய்ப்பதில் ஒரு பொருள் இருக்கலாம். கணுவுக்குக் கணு வேர்விடும் கொடியை இயந்திரத்தால் நறுக்குவது, அதைப் பதியம் போடுவதற்குச் சமம். பிளேடு சிதறடித்த துண்டுகளை டில்லர் ஈர மண்ணில் கலந்து, ஆழமும் சரியாக வைத்துப் புதைத்தது. அன்று மாலை கொல்லை மிகச் சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு, முன்பு செடி இல்லாத காய்கறிப் பாத்தி முழுவதும் இணை இணையாகப் பளபளப்பான இலைகள் எட்டிப் பார்த்தன.

மறுபடி அழைத்தபோது அவர் லேபிள் இல்லாத குடிநீர் பாட்டிலில் ஏதோ ஒரு திரவத்தைக் கொண்டுவந்து, "மூலிகை மருந்து, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கைத்தெளிப்பானில் கலந்து அடித்தார். அதற்கடுத்த வாரங்களில் வெடேலியாவின் மேல் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்தன. அதோடு கறிவேப்பிலைக் கன்றின் கொழுந்துகள் வெளிறிச் சுருங்கின, வாழைக்கன்று குருத்து விரியாமல் நின்றது, கத்தரிச் செடிகள் மொத்தமாகப் போயின. அழுத்திக் கேட்ட பிறகே, அது கிளைபோசேட் என்றும், வீரியம் கூட்டக் கல்லுப்பும் கரைத்ததாகவும் சொன்னார். கிளைபோசேட் குறிப்பிட்ட களையை மட்டும் கொல்லும் மருந்து அல்ல. பச்சையாக இருக்கும் எந்த இலையில் பட்டாலும் உள்ளே இறங்கி வேர்வரை செல்லும். இந்தியாவில் அது தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா நிலங்களுக்கும் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களைத் தவிர வேறு எவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலையோரத் தரிசில் பார்த்தீனியத்தின் மேல் உப்புக் கரைசல் தெளிக்கும் முறை ஒன்று உண்டு என்பதற்காக, கீரை விளையும் பாத்தியில் அதைக் கொட்டுவது மண்ணையே கெடுக்கும் வேலை. முறையாக விற்கப்படும் எந்தப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிப் புட்டியிலும் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். நச்சின் அளவுக்கேற்ப அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகியவற்றில் ஒரு நிறத்தில் இருக்கும். அந்தக் குறி இல்லாத புட்டியைத் தோட்டத்துக்குள் அனுமதிக்காதீர்கள்.

மூன்றாவது செலவான 'அப்புறப்படுத்துதல்' எங்கே நடந்தது என்பது, மேட்டூர் அணை திறந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது தெரிந்தது. வெட்டிய கொடிகளை அவர் வாய்க்கால் கரையில் கொட்டியிருந்தார். கரையில் கொட்டியவை வேர் பிடித்துக்கொண்டன. நீரில் விழுந்தவை மிதந்து போய்க் கீழே உள்ள மதகருகில் ஒதுங்கிக் கரையேறியிருக்கின்றன. என் கொல்லையில் இருந்த தொல்லையை ஊரின் தொல்லையாக மாற்றுவதற்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் உறுத்துகிறது. அந்தக் கரையைப் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து இப்போதும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் கொல்லையில் உண்மையில் பலன் தந்தது கைவேலைதான். முதல் நாள் மாலையில் தண்ணீர் விட்டு மண்ணை நன்கு இளக்கி, மறுநாள் காலையில் படர்ந்த பகுதியின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொடியை அறுக்காமல் ஒவ்வொரு கணுவாகக் களைக்கொத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரத்தில் உள்ள நுனிகள் மிதிபட்டு ஒடிந்து புதிய இடங்களுக்குப் போய்விடும். எடுத்ததை எருக்குழியில் போடக் கூடாது, குப்பைமேட்டில் எறியக் கூடாது. சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாயின் மேலோ மண் தொடாமல் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காயவிட வேண்டும். தண்டில் பசுமை தெரியும்வரை அது உயிரோடு இருப்பதாகவே கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வாயை இறுகக் கட்டி வெயிலில் வைத்து அழுகவிடலாம்.

கையால் எடுக்க முடியாத அளவுக்குப் பரவிய இடத்தில், கொடியை முடிந்தவரை நீக்கிவிட்டு, ஒளி ஊடுருவாத கறுப்புப் பாலித்தீன் விரிப்பை ஓரங்களில் மண் அணைத்து மூடி வைத்தோம். சில மாதங்கள் அந்த நிலம் பயனற்றுக் கிடக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். செடிகளுக்கு இடையே மூட முடியாத பகுதிகளில், பழைய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே தென்னை மட்டைத் தூளையும் சருகையும் கனமாகப் போட்டது உதவியது. இவற்றையெல்லாம் செய்த பிறகும், விட்டுப்போன கணுக்களிலிருந்து துளிர் வரும். அது இரண்டு இலையாக இருக்கும்போதே கிள்ளாமல் வேரோடு எடுப்பதைப் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கிறது. வெறுமையாக விட்ட இடத்தில் மீண்டும் அதுவே வரும் என்பதால், சுத்தமான பாத்தியில் தட்டைப்பயறு போல விரைந்து மூடும் பயிரை உடனே விதைத்துவிட்டோம்.

முறையிடலாமே என்று கேட்பவர்களுக்கு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் என் கையில் இருக்கும் ரசீதில் 'மூ. செடி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது, சுத்தம் செய்தவர் ரசீதே தரவில்லை. எனவே நர்சரியில் மூலிகைச் செடி வாங்குபவர்கள், தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா என்று கையெழுத்திட்டு எழுதித் தர விற்பவர் தயங்கினால், செடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். களை எடுக்க வருபவரிடம், எந்தக் கருவியைக் கொண்டு எடுப்பார், எந்த மருந்தை அடிப்பார், எடுத்த கொடியை எங்கே போடுவார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். வெடேலியா இருக்கும் தோட்டத்தில் அவர் பிரஷ் கட்டரோடு வந்து இறங்கினால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.