பூட்டுன வீட்டையெல்லாம் மேப்ல போடலாமா? காரைக்குடி டேட்டா பயிற்சி, என் மார்க் 5க்கு 3.5

போன மாசம் சனி ஞாயிறு ரெண்டு நாள் காரைக்குடியில ஒரு பயிற்சிக்கு போயிருந்தேன், தலைப்பு "தரவு ஆளுகையும் பொதுப் பயன்பாடும்", அதாவது சேத்து வச்ச டேட்டாவுல எதை யாருக்கு எப்படி குடுக்கலாம்ங்கிறது, கட்டணம் 600 ரூபா, மதிய சாப்பாடு அதுலயே. நடத்துனவங்க பேரை போட மாட்டேன், ஏன்னு கடைசில புரியும்.

ஏன் போனேன்னா, நாங்க நாலு பேர் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா வண்டிய எடுத்துக்கிட்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் சுத்தி ஊருணியையும் பழைய வீட்டையும் எழுதிட்டு வர்றோம். ஊருணில தண்ணி இருக்கா, வரத்துக்கால் அடைஞ்சிருக்கா, படித்துறை இடிஞ்சிருக்கா, இது ஒரு ஷீட். வீட்டுக்கு தனி ஷீட்: எத்தனை பங்காளிக்கு பாத்தியம், ஆள் இருக்காங்களா இல்ல வருஷத்துக்கு ஒருக்கா படைப்புக்கு (முன்னோருக்கு படைச்சு கும்புடுறது) மட்டும் திறக்குறாங்களா, பர்மா தேக்கு தூண் எத்தனை, ஜிபிஎஸ் பாயிண்ட் எல்லாம் சுத்தமா போட்டு வச்சிருந்தோம். ரெண்டையும் அப்படியே ஆன்லைன்ல ஏத்திட்டா ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு நெனப்பு.

மொத நாள் காலைல பாடம் எடுத்த மேடம் எங்க வீட்டு ஷீட்ட ஸ்க்ரீன்ல போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "இதை யார் யாரெல்லாம் திறந்து பாப்பாங்க?" ஆர்க்கிடெக்ட், காலேஜ் பசங்கன்னு நான் அடுக்க ஆரம்பிச்சேன், பின்னாடி உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் "நிலை, கதவு வெலைக்கு எடுக்குறவனும் பாப்பான், கன்னம் வைக்கிறவனும் பாப்பான் தம்பி"ன்னார். மொத்த ஹாலும் சிரிச்சுச்சு, எனக்கு மட்டும் வேர்த்துருச்சு. பூட்டியிருக்குற வீடு எது, உள்ள என்ன இருக்கு, எந்த மாசம் ஆள் வருவாங்க, இவ்வளவையும் மேப்போட சேத்து கையில குடுக்க இருந்திருக்கோம்!

சரி, பேரை எடுத்துட்டா போதுமேன்னேன். அதுக்கு அவங்க சொன்ன கதைதான் இந்த 600 ரூபாய்க்கு பாதி வசூல். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரி டேட்டாவை பேர் இல்லாம ஆராய்ச்சிக்கு குடுத்திருக்காங்க, லதான்யா ஸ்வீனின்னு ஒரு மாணவி அதோட வாக்காளர் பட்டியல வெலைக்கு வாங்கி ஒட்டிப் பாத்து, அப்ப கவர்னரா இருந்த வில்லியம் வெல்டோட ரெக்கார்டையே எடுத்துட்டாங்க. பொறந்த தேதி, பின்கோடு மாதிரி அவங்க ஊர் ஜிப் கோடு, ஆணா பொண்ணா, இந்த மூணே போதும். 2000ல ஸ்வீனி போட்ட கணக்குப்படி அமெரிக்காவுல 87 சதவீதம் பேரை இந்த மூணை வச்சே தனியா பிரிச்சு காட்டிரலாம். நம்ம ஊர்ல மூணு கூட எதுக்கு, "கீழத்தெரு, ரெண்டு கட்டு வீடு, தனியா இருக்குற ஆச்சி"ன்னு சொன்னா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கூட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டுருவாங்க.

மதியம் மேல பேப்பர் பென்சில் வேலை, எங்க ஷீட்டை ரெண்டா பிரிக்க வச்சாங்க. ஊருணி ஷீட் ஜிபிஎஸ்ஸோட முழுசா வெளிய, அது பொதுச் சொத்து, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, மறைச்சாத்தான் ஆக்கிரமிக்கிறவனுக்கு லாபம். வீட்டு ஷீட்ல ஊர் வாரியா எண்ணிக்கை மட்டும் வெளிய, ஷீட்டோட எந்தக் கட்டத்துலயாவது எண்ணிக்கை அஞ்சுக்கு கீழ வந்தா, ஆளை அடையாளம் கண்டுரலாம்ங்கிறதால அந்த நம்பரையும் போடக்கூடாது, முழு ஷீட் வேணும்னா யாரு எதுக்குன்னு எழுதிக் குடுத்து கேக்கணும். இதை வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட விளக்கிட்டிருந்தேன், "எங்க கோயில்ல புள்ளி எழுதுறதுதானப்பா இது, கல்யாணமானா ஒரு புள்ளி, அந்த ஏட்டை கண்டவன் கையிலயா குடுப்பாக?"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாக. (புள்ளின்னா நகரத்தார் கோயில் ஏட்டுல ஒரு குடும்பக் கணக்கு.) புள்ளிவிவரத்துக்கு இதைவிட என்ன பாடம் வேணும்!

அதுக்காக எல்லாத்தையும் பெட்டகத்துல பூட்டி வைக்கவும் முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேத்த புத்தகம் நோட்டீஸ் எல்லாம் 1992ல அவர் இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல சென்னைல நூலகமானதாலதான் இன்னைக்கு யாரும் போய் படிக்க முடியுது, இல்லன்னா செல்லரிச்சிருக்கும். ஊரை விட்டு போச்சேன்னு எனக்கு வருத்தம் உண்டு, அது வேற விஷயம்.

ரெண்டாம் நாள் கொஞ்சம் வறட்சி. 2012 தேசிய தரவுப் பகிர்வுக் கொள்கை, 2017ல வந்த அரசு திறந்த தரவு உரிமம், தமிழ்நாடு 2022ல போட்ட தரவுக் கொள்கைன்னு ஸ்லைடு ஸ்லைடா ஓட்டுனாங்க. தூக்கம் கலைஞ்சது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்பதான். 2023 சட்டம், 2025 நவம்பர்ல விதிகள் வந்துச்சு, முக்கியமான கடமையெல்லாம் அதுலேருந்து 18 மாசம் கழிச்சு. இதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தோட 8(1)(ஜே)யை திருத்தி, தனிப்பட்ட தகவல்னாலே மறுக்கலாம்னு ஆக்கிருச்சுன்னு ஒரு வக்கீல் எந்திரிச்சு சண்டை போட்டார், பொதுநலன் பெருசுன்னா தகவலை குடுக்கலாம்னு சொல்ற 8(2) இன்னும் இருக்குன்னு மேடம் சொன்னாங்க, அவர் உக்காரல. எனக்கு வக்கீல் பக்கம்தான் சாய்வு. அதை முழுசா பேச விடாம டீ குடிக்க அனுப்பிட்டாங்க, அரை மார்க் கட்.

ப்ராக்டிகல்ல வானவில்ங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல இருந்த பட்டியல, எந்தக் கம்ப்யூட்டர்லயும் படிக்க முடியுற யூனிகோடுக்கு மாத்துனது நல்ல வேலை, 2010லயே அரசு யூனிகோடுன்னு ஆணை போட்டும் இன்னும் அந்த பழைய ஃபைல்கள் திறந்தா எழுத்தெல்லாம் கோணல் மாணலா நிக்குது. சாப்பாட்ட பத்தி ரெண்டு வார்த்தை: வெள்ளை பணியாரமும் வரமிளகாய் சட்னியும் சூப்பர், கவுனி அரிசி ரெண்டாவது பந்திக்கு தீந்துருச்சு.

இப்ப அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு பாருங்க. ரெண்டு நாளும் சம்மதம், தேவைக்கு மேல வாங்காதேன்னு பாடம் எடுத்த இவங்க, பதிவு ஃபார்ம்ல ஆதார் நம்பர் கேட்டாங்க, அதுவும் ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ்ல (சம்மதம் கேக்குற நோட்டீஸ் தமிழ்லயும் கிடைக்கணும்னு இவங்க ஸ்லைடுலயே இருந்துச்சு). எதுக்குன்னா "சர்டிபிகேட்டுக்கு சார்". போதாக்குறைக்கு வந்தவங்க பேரு, போன் நம்பர், ஆதார் கடைசி நாலு இலக்கத்தோட முழு லிஸ்ட்டையும் வாட்ஸ்அப் குரூப்ல எக்செல்லா போட்டுட்டாங்க, வருகைப் பதிவு சரிபாக்கவாம். அந்த வாரமே எங்க நாலு பேருக்கும் லோன் வேணுமான்னு போன், அது இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். அழிச்சிருங்கன்னு ரெண்டு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல, மேடம்கிட்ட தனியா சொன்னேன், அவங்க பாவம் தலையில கைய வச்சுக்கிட்டாங்க.

அடுத்த பேட்ச் பதிவு ஆரம்பிச்சிட்டாங்க. பாடத்துக்காக தாராளமா போங்க. ஃபார்ம்ல ஆதார் கட்டம் அப்படியேதான் இருக்கு, காலியா விட்டு சப்மிட் குடுத்துப் பாத்தேன், போகுது.