பாஸ்போர்ட் ரினியூவல் என்று கூகுளில் தேடப் போய் 2,999 ரூபாய் போச்சு

அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குப் பிரசவ நேரம், அவசரம். ஆபீஸ் பஸ்ஸில் வரும்போதே போனில் 'பாஸ்போர்ட் ரினியூவல் ஆன்லைன்' என்று தட்டினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். மூவர்ணப் பட்டை, மூன்று சிங்கம், 'அப்ளை நவ்' பட்டன். அரசு இணையதளம் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

படிவம் நிரப்பி, அப்பாவின் ஆதாரையும் பழைய பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்து ஏற்றி, 2,999 ரூபாய் கட்டினேன். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு 'எக்ஸிகியூட்டிவ்' கூப்பிட்டார். அப்பாயின்ட்மென்ட் எடுக்க இன்னும் 1,000 ரூபாயாம், அரசுக் கட்டணம் தனியாம். அப்போ 2,999 எதுக்குங்க? "அது எங்க சர்வீஸ் சார்ஜ் சார்."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் எஃப் அடித்து 'பிரைவேட்' என்று தேடினேன். ஒரே இடத்தில் இருந்தது. பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து: நாங்கள் தனியார் ஆலோசனை நிறுவனம், அரசுடன் தொடர்பில்லை. அடப்பாவிகளா! பணத்தைத் திருப்பிக் கேட்டால் இந்த வரியைத்தான் காட்டுகிறார்கள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி, கூகுள் தேடல் பக்கத்தைப் பார்த்தார். "ஏண்டா, இதுக்கு மேலயே 'ஸ்பான்சர்ட்'னு எழுதியிருக்கே, நீ படிக்கலையா?" படிக்கவில்லை. முதலில் வந்தது கூகுள் பொறுக்கி எடுத்துக் கொடுத்த பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது காசு கொடுத்துப் பிடித்த இடம்.

நான் போட்ட வார்த்தையும் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நாமெல்லாம் 'ரினியூவல்' என்போம், பாஸ்போர்ட் ஆபீஸ் அதை 'ரீ-இஷ்யூ' என்கிறது. ஆபீஸ் புழங்கும் சொல்லைப் போட்டுத் தேடினால் அரசுப் பக்கம் சிக்கும் வாய்ப்பு அதிகம்.

இதைவிட உறுதியான வழி ஒன்றைத் தம்பி காட்டினான். ஆங்கிலத்தில் 'சைட்' என்று டைப் செய்து, கோலன் வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி டாட் இன் போட்டு, அப்புறம் ஒரு இடைவெளி விட்டு 'பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ'. கோலனுக்குப் பிறகு இடைவெளி விட்டால் வேலை செய்யாது. சரியாகப் போட்டால் அந்த முகவரியில் முடியும் தளங்களை மட்டும் தேடும். அந்த முகவரி அரசுத் துறைகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதற்கும் மேலே விளம்பரம் வந்தால் அதைத் தாண்டிக் கீழே போங்கள்.

முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்கணும். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. என்னை ஏமாற்றியவர்களின் தள முகவரிக்கு நடுவே 'ஜிஓவி' இருந்தது, முடிவில் 'டாட் ஆர்க்'.

பணம் கட்டும் முன்னால் செய்திருக்க வேண்டியதைக் கட்டிய பிறகு செய்தேன். அந்தத் தளத்தின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, பக்கத்தில் 'ரீஃபண்ட்' சேர்த்தேன். முதலில் அவர்கள் தளமே வரிசையாக வந்தது. கழித்தல் குறி போட்டு, ஒட்டினாற்போல் சைட், கோலன், அவர்கள் முகவரி என்று சேர்த்ததும் அது விலகியது. பின்னால் வந்ததெல்லாம் என்னைப் போன்றவர்களின் புலம்பல்.

1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் இன்னும் வரவில்லை. அதைவிட ஆதார் நகல் அவர்களிடம் கிடப்பதுதான் உறுத்துகிறது. அப்பாவின் ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்து வைத்திருக்கிறோம்.

பிறகு பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நாங்களே விண்ணப்பித்தோம். 1,500 ரூபாயோடு அப்பாயின்ட்மென்ட்டும் கிடைத்தது. ரசீதில் ஏஆர்என் என்று ஒரு விண்ணப்ப எண் இருக்கிறது.

நேற்றும் அந்த எக்ஸிகியூட்டிவ் கூப்பிட்டார். அப்பாதான் எடுத்தார். "முதல்ல ஏஆர்என் நம்பர் சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன்" என்றார். லைன் கட்.