புல்லட் ஹெட்லைட்டுக்கு எல்இடி மாற்றப் போகிறவர்களுக்கு: மதுரையில் எனக்கு நடந்தது

மதுரை டவுனுக்குள் வண்டிகளுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் செய்கிற ஒரு கடையில் என் புல்லட்டுக்கு ஹெட்லைட் மாற்றினேன். 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த ஒயரிங்கை அறுத்து, ஒரிஜினல் டூமை (பல்பைச் சுற்றி ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த பகுதி) கழற்றி வைத்துக்கொண்டு, முன்பைவிட மோசமாகத்தான் அனுப்பினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை என்ன, எப்படிச் செய்தார்கள் என்பது ராத்திரியில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

எனக்கு கப்பலூர் சிட்கோவில் வேலை. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து திருமங்கலம் வந்து, அங்கிருந்து உசிலம்பட்டி ரோட்டைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். திருமங்கலம் தாண்டினால் தெருவிளக்கு என்பது ஊருக்குள் மட்டும்தான். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் கதிர் காயப் போட்டு, அதைச் சுற்றிக் கல்லும் அடுக்கியிருப்பார்கள். பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாத டிராக்டர் டிரெய்லர் நின்றுகொண்டிருக்கும். பழைய வண்டி, லைட் மங்கல். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று போனது ஆசைக்காக இல்லை, அவசியத்துக்காக.

கடையில் முதலில் 100/90 வாட் ஹாலோஜன் பல்ப் காட்டினார்கள். என் வண்டியில் இருந்தது 60/55, அதாவது பிரைட்டுக்கு (தூர வெளிச்சம்) 60 வாட், டிப்புக்கு (தாழ்ந்த வெளிச்சம்) 55 வாட். ஒயர் தாங்குமா என்று கேட்டதும், "அப்ப எல்இடி போட்டுருவோம்ணே, கரண்டே இழுக்காது" என்று ஒரு டப்பாவைப் பிரித்தார்கள். டப்பாவின் மேல் 120 வாட், 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கம் சின்ன ஃபேன் வைத்த பல்ப். "இந்த டூமுக்கு எடுபடாது, டூமையும் மாத்தணும்" என்றார்கள். "ரிலே போட்டுத் தர்றோம்ணே, பேட்டரில இருந்து நேர் லைன்" என்றும் சொன்னார்கள். ரிலே என்றால், பல்புக்குப் போகிற கரண்ட்டை ஹேண்டில் சுவிட்ச் வழியாக விடாமல் தானே திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச் பெட்டி.

வேலை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிர்ச் சுவரில் லைட்டை அடித்துக் காட்டினார்கள். சுவர் முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. "பகல் மாதிரி இருக்குல்லண்ணே?" எல்லோரும் விழுவது இந்த இடத்தில்தான். ஆறடி தூரத்துச் சுவரில் எந்த எல்இடியைக் காட்டினாலும் அப்படித்தான் தெரியும். ரோட்டில் அறுபது, எழுபது அடி தள்ளி என்ன தெரிகிறது என்பதைச் சுவர் சொல்லாது.

அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. முன் சக்கரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடிக்குக் கண்ணைப் பறிக்கிற வெள்ளை, அதைத் தாண்டினால் இருட்டு. பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். தூரம் முன்பைவிட மோசமாகத் தெரியும். டிப்பில் போட்டாலும் வெளிச்சம் புளியமர உச்சியில் அடிக்கிறது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒருத்தர் விடாமல் பிரைட் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் திட்டியதில் நியாயம் இருக்கிறது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கண்ணை மறைத்துக்கொண்டு ரோட்டை விட்டே இறங்கினார். எனக்கு நடந்ததைவிட அதுதான் மனதை உறுத்தியது. மழை பெய்த அன்று இன்னும் மோசம். ஈரத் தாரில் அந்த வெள்ளை வெளிச்சத்தில் குழியும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை.

இரண்டு முறை கடைக்குப் போய்ச் சொன்னேன். டூமைக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டு, "பழகிரும்ணே" என்றார்கள்.

சில வாரத்தில் ஒரு ராத்திரி, திருமங்கலம் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது டிப் இரண்டு தடவை மினுக்கி அணைந்தது. பிரைட்டைத் தட்டினேன், அதுவும் இல்லை. வளைவுக்கு நடுவில், சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. எப்படியோ பிரேக் பிடித்து ஓரம் கட்டினேன். பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது. பின்னால் வந்த டாடா ஏஸ் டிரைவர் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இண்டிகேட்டரப் போட்டுட்டு முன்னால மெதுவாப் போங்க, நான் லைட்டப் போட்டுக்கிட்டுப் பின்னாலேயே வர்றேன்" என்றார். அடுத்த ஊர் டீக்கடை வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். யார் என்றுகூடத் தெரியாது, அவருக்கு நன்றி.

மறுநாள் கடையில் கேட்டால், "சைனா மாலுக்கு வாரண்டி கிடையாதுண்ணே." பில் கேட்டேன். பில் போடுவதில்லையாம். என் பழைய டூமையாவது கொடுங்கள் என்றால், அது பழைய சாமானோடு போய்விட்டதாம். ஒரிஜினல் டூம், உள்ளே ஒரு புள்ளிகூடக் கறுக்காத ரிஃப்ளெக்டர். அதை எடைக்குப் போட்டுவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்புறம் எங்கள் பக்கத்து எலக்ட்ரிக் வேலை பார்க்கிற அண்ணனிடம் வண்டியை விட்டேன். டூமைக் கழற்றியதும், "இம்புட்டையும் அறுத்துப் போட்டிருக்கானே தம்பி" என்றார். ரிலே என்று சொன்ன இடத்தில் ரிலே இல்லை. கம்பெனி கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கிற பிளக்) வெட்டிவிட்டு, ஒயரோடு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். தனி ஃபியூஸும் இல்லை. டேப் இளகி ஒட்டிக்கொண்டு, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. ஃபேன் இடிக்கிறது என்று பல்புக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் மூடியையும் கத்தியால் அறுத்து ஓட்டை போட்டிருந்தார்கள். அது வழியாகத் தண்ணீர் போய் டூமுக்குள் ஆவி கட்டியிருந்தது.

அந்த எல்இடி பல்பைத் தனியாக பேட்டரியில் கொடுத்து, கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்தார். 1.7 ஆம்பியர். 13 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 22 வாட். டப்பாவில் 120! எல்இடி வாட்டுக்கு 120 லூமன் கொடுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 3,000 லூமனைத் தொடாது. 20,000 எங்கே? சாதாரண 60/55 எச்4 (டிப், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் இருக்கிற வகை) ஹாலோஜனுக்கே டிப்பில் 1,000, பிரைட்டில் 1,650 லூமன்தான் ஸ்டாண்டர்ட் கணக்கு. அதை வைத்துத்தான் இத்தனை காலம் வண்டிகள் ஓடின.

லூமனைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர்தான் காட்டினார். எச்4 ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிப் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கும். கீழே போகிற வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்டுக்கு இறங்கும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் இருப்பது அந்தத் தகட்டால்தான். டூமின் வளைவே அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் செய்யப்பட்டிருக்கிறது. எனக்குப் போட்ட பல்பில் தகடும் சரியாக இல்லை, எல்இடி சில்லும் இழை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அப்புறம் வெளிச்சம் மரத்துக்குப் போகாமல் எங்கே போகும்? கம்பெனியே எல்இடிக்கென்று டூம் செய்து தருகிற வண்டிகள் வேறு. அவற்றை நான் குறை சொல்லவில்லை.

சரி, ஆரம்பத்தில் லைட் ஏன் மங்கலாக இருந்தது? பழையபடி ஹாலோஜனைப் போட்டு எரியவிட்டு, ஹோல்டரில் மீட்டரை வைத்தார். பேட்டரியில் 13.4 வோல்ட், பல்புக்கு வந்தது 11.3. நடுவில் இரண்டு வோல்ட் சுவிட்சிலும் பழைய ஒயரிலும் கரைந்துபோகிறது. பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் ஹாலோஜனில் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். வண்டிக்குத் தேவைப்பட்டது புது லைட்டே இல்லை, பேட்டரி வோல்ட்டைக் குறையாமல் பல்புக்குக் கொண்டுபோகிற ஒயரிங்தான்.

அண்ணன் போட்டது இவ்வளவுதான்: டிப்புக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே இரண்டு, 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர், நல்ல கம்பெனி 60/55 பல்ப். பழைய ஒயர் இப்போது ரிலேயைத் தட்டுவதற்கு மட்டும்தான். கூலியோடு 1,350 ரூபாய். டூமுக்குத் தனியாகச் செலவானது, அது கடைக்காரர் வைத்த செலவு. முடித்ததும் ஹோல்டரில் 13.1 வோல்ட். சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, என்னை மேலே உட்காரச் சொல்லி, டிப் வெளிச்சத்தின் மேல் ஓரம் லைட்டின் நடு உயரத்துக்கு இரண்டு இன்ச் கீழே விழுகிற மாதிரி திருப்பி வைத்தார். சுவரைப் பயன்படுத்த வேண்டிய விதம் இதுதான்.

100/90 பல்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். 35/35 வாட் பல்போடு வருகிற சின்ன வண்டிகளில் அதைச் சொருகவே விடாதீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடினால் லைட் எரியும். நாள் முழுக்க அந்தச் சூட்டை ஒயர் தாங்க வேண்டும்.

எந்தக் கடையானாலும் முதலில் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கம்பெனி கப்ளரை வெட்டக் கூடாது, கழற்றிய பொருள் அத்தனையும் என் கையில் வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள், போகாதீர்கள்.

பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபேயில் பணம் போனதற்கான ஆதாரம், அறுத்த ஒயரின் போட்டோக்கள், 120 வாட் என்று அச்சடித்த டப்பா எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அதில் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். இதே மாதிரி ஒயரை அறுத்துக் கொடுத்த கடையில் மாட்டியவர்கள் இருந்தால், டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், இன்றைக்கே 1915-க்கு அடியுங்கள்.