வெள்ளைக் கூழாங்கல்லா, அரை ஜல்லியா? வீட்டுத் தோட்டத்துக்கு எந்தக் கல் சரிவரும்?

வீட்டைச் சுற்றி நாலடி, ஐந்தடி மண் தரை. புல் வளர்த்தால் தினமும் தண்ணீர் விட வேண்டும், மாதம் ஒருமுறை வெட்ட வேண்டும். சும்மா விட்டால் ஐப்பசி மழைக்குப் பிறகு கோரையும் பார்த்தீனியமும் மண்டிவிடும். சிமென்ட் பூசினால் வேலை மிச்சம்தான், ஆனால் மழைத் தண்ணீர் முழுக்கத் தெருவுக்கு ஓடிவிடும். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் 100 சதுர அடி இடத்தில் மட்டும் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில் அவ்வளவு தண்ணீரையும் சாக்கடைக்கு அனுப்புவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கல் பரப்பினால் தண்ணீர் கீழே இறங்கும், மண் சேறாகாது, களையும் குறையும். எந்தக் கல் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், கடையில் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவதால்.

நர்சரிகளில் மூட்டை கட்டி விற்கும் பளபள வெள்ளைக் கூழாங்கல்லைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். போட்ட புதிதில் அழகாகத்தான் இருக்கும். மதில் ஓரம் வெயில் படாத இடத்தில் ஒரு மழைக்காலம் போனால் பச்சைப் பாசி படியும். இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரைத் தெளித்தால் பழுப்புக் கறை ஏறும். அள்ளிக் கழுவித் திரும்பப் போடுவது வருஷாவருஷம் செய்யும் வேலையாகிவிடும். பராமரிப்பே வேண்டாம் என்றுதானே கல்லுக்கு வந்தோம்?

இன்னொரு சங்கதி செடிகளைப் பற்றியது. விற்கும் வெள்ளைக் கல்லில் பெரும்பகுதி மார்பிள், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள கல். மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். இட்லிப்பூ என்கிற இக்சோராவைச் சுற்றி அதைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். கொழுந்து இலைகள் வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தால் வேர் அதை எடுக்க முடியாததன் அறிகுறி அது. போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். வெள்ளைதான் வேண்டும் என்றால் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கேட்டு வாங்குங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: நுரைத்துப் பொங்கினால் மார்பிள், சும்மா இருந்தால் வெங்கச்சங்கல். பாசியை நீக்க மார்பிள் மேல் ஆசிட் ஊற்றுவதும் கூடாது; பாசியோடு கல்லின் மெருகும் போய்விடும்.

ஆற்றுக் கூழாங்கல் நிறத்தில் நம் மண்ணோடு இயல்பாகச் சேரும், அழுக்கும் தெரியாது. ஆனால் உருண்டைக் கல் எதுவாக இருந்தாலும் நடைபாதைக்கு ஆகாது. ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் காலடியில் உருளும். வயதானவர்கள் உள்ள வீட்டில் கணுக்கால் பிசகுவதற்கு அது போதும். ஸ்கூட்டர் ஸ்டாண்டும் நிற்காது. அதோடு, ஆற்றுப்படுகையில் கிடக்கும் கல்லும் மணலும்தான் வெள்ளத்தை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குகின்றன. தோட்ட அலங்காரத்துக்காக அதை அள்ளிவர வேண்டுமா என்று நான் கேட்பேன். தொட்டியின் மேல்மண்ணை மூட, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் இருக்க என்று ஒரு மூட்டை போதும். அதற்கும் மெஷினில் உருட்டி வழவழப்பாக்கிய குவாரிக் கல்லே கிடைக்கிறது.

என் ஓட்டு கிரஷரில் உடைத்த கருங்கல் ஜல்லிக்கு. வீடு கட்டும்போது டிப்பரில் வந்து கொட்டுகிறார்களே, அதே ஜல்லிதான். முனை முனையாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். மண்ணின் தன்மையை மாற்றாது. சாம்பல்நீல நிறம் என்பதால் தூசியும் கறையும் கண்ணுக்குத் தெரியாது. மழையில் நனைந்தால் கருநீலமாக மாறிச் செடியின் பச்சையைத் தூக்கிக் காட்டும். சென்னைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பல்லாவரத்துக் கல்லில் செய்தது, கல்கத்தாவில் இருக்கிறது. அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார்கள். இவ்வளவு உறுதியான கல் பக்கத்திலேயே கிடைக்கும்போது, தூரத்திலிருந்து வரும் வெள்ளைக் கல்லுக்குப் பல மடங்கு காசு கொடுக்க வேண்டியதில்லை.

அளவில் கவனம் வேண்டும். ஒன்றரை, முக்கால், அரை என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. ஒன்றரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் வண்டி நிற்கும் இடத்துக்குச் சரி, நடக்கக் கரடுமுரடு. கால் ஜல்லி செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், பெருக்கினால் குப்பையோடு போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அரை ஜல்லி, அதாவது 12 மி.மீ., தோட்டத்துக்குப் பொருத்தம். ஒரே குறை, வெறுங்காலில் குத்தும். காலையில் பூஜைக்குப் பூப்பறிக்கச் செருப்பில்லாமல் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் செம்பருத்தி, நந்தியாவட்டை வரைக்கும் ஓரடி அகலக் கடப்பா கல்லை வரிசையாகப் பதித்து, மீதி இடத்தில் ஜல்லி போடுவது நல்லது. பாலிஷ் போடாத கடப்பாவாக இருக்கட்டும். பாலிஷ் போட்டது மழையில் வழுக்கும். கருப்புக் கல் என்பதால் மதிய வெயிலில் கொதிக்கும், காலை நேரத்துக்குப் பிரச்சினை இல்லை.

செம்மண் கிராவல்தான் இருப்பதிலேயே மலிவு. தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கினால் வாசல் போலப் பெருக்கலாம், கோலம்கூடப் போடலாம். மழையில்தான் குழைந்துவிடும், விதை விழுந்தால் முளைத்தும்விடும். ஆண்டுக்கொரு முறை மேலே ஒரு அடுக்கு போட ஆள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இது எல்லாவற்றையும் விட முக்கியம், மேலே என்ன மரம் நிற்கிறது என்பது. முருங்கைக்கு அடியில் எந்தக் கல்லும் வேண்டாம். அந்தப் பொடி இலை ஆண்டு முழுவதும் கொட்டிக் கல் இடுக்கில் இறங்கி மக்கி, களை முளைக்க நல்ல எருவாகிவிடும். மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும் வேம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்து கன்று வேறு முளைக்கும். அங்கே கிராவலோ கடப்பாவோ போட்டுப் பெருக்கிவிடுவதே சுலபம். மா, பலா போன்ற பெரிய இலை மரம் என்றால் ஜல்லி தாங்கும். இலையைக் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்லும் கொத்தனார்கள் நிறையப் பேர். சம்மதிக்காதீர்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கும், வேர் மூச்சுத் திணறும். தண்ணீரை விடும் வீட் மேட் (களை வராமல் தடுக்கும் விரிப்பு) அல்லது நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். அதற்கும் முன்பு கோரைக் கிழங்கை முடிந்த மட்டும் தோண்டி எடுத்துவிட வேண்டும். கோரையின் கூர்முனை எந்த விரிப்பையும் துளைத்துக்கொண்டு வரும்.

கணக்கு இது: 100 சதுர அடிக்கு இரண்டு அங்குல கனம் போட்டால் சுமார் 17 கன அடி ஜல்லி, ஏறக்குறைய 700 கிலோ. யூனிட் என்றால் 100 கன அடி என்பதால், ஆசையில் ஒரு யூனிட் சொல்லிவிட்டால் முக்கால்வாசி தெருவில் கிடக்கும். கொட்டியதும் பரப்பிவிடாமல் கூடையில் அள்ளி அலசிப் போடுங்கள். ஒட்டியிருக்கும் கிரஷர் தூள் துணியின் துளைகளை அடைத்துவிடும். ஓரத்தில் செங்கலைச் செங்குத்தாகப் பதித்து, ஜல்லி மட்டத்தை அதற்கு அரை அங்குலம் கீழே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே பாதி ஜல்லி வடிகாலுக்குப் போய்ச் சேரும்.